கொத்துக்கு மூன்று

டிசம்பர் 1, திங்கள்

அப்பா வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் பழைய டைரிகளைக் குப்பையில் போட்டார்களாம். அதில் ஒன்றை எனக்கு எடுத்து வந்தார். போன வருடத்து டைரி. கிழமையெல்லாம் தப்பு. நானே அடித்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

"வாயிலதான் ஒண்ணும் வரல்ல. கையில வருதான்னு பாப்பம்" என்றார்.

என் பெயர் ஜெர்லின். வயது பதினாறு. நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கம், திங்கள்சந்தையிலிருந்து திருப்பூருக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன். இங்கே தண்ணீர் அதிகாலையில்தான் வரும். அதைப் பிடிக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும் அல்லவா, அதனால்தான். வேறு காரணம் இல்லை.

இன்று அம்மா முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு வாங்கிவிட்டாள். கிறிஸ்துமஸ் வரப்போகிறது. வறுத்த பயற்றைப் பொடித்து, தேங்காயும் கருப்பட்டிப் பாகும் சேர்த்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவில் உருட்டி, மஞ்சள் போட்டுக் கரைத்த அரிசிமாவில் முக்கி, மூன்று மூன்றாக எண்ணெயில் விட வேண்டும். மூன்றும் ஒட்டிக்கொண்டு பொரிந்து வந்தால்தான் கொத்து. தனியாகப் போனால் அது வெறும் உருண்டை. இதில் முந்திரிப்பருப்பு ஒன்றுகூடக் கிடையாது. திராட்சைக் கொத்து மாதிரி இருப்பதால் இந்தப் பெயர் என்று அப்பா விளக்குவார். "பேரு கெடக்கட்டு, மாவ கலக்கும்" என்பாள் அம்மா.

வழக்கமாக அச்சுமுறுக்கும் உண்டு. இந்த வருடம் இல்லை. அச்சு ஊரிலேயே பரண்மேல் தங்கிவிட்டது.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. நம் சபையைச் சேராத அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தட்டு போன பிறகுதான் வீட்டார் வாயில் வைக்கலாம். தட்டைக் கொண்டுபோவது வீட்டுப் பெண்பிள்ளை. தட்டு சும்மா திரும்பி வராது, அவர்கள் வீட்டிலிருந்து எதையாவது சுமந்துகொண்டுதான் வரும். ஊரில் நான் வாசலில் போய் நின்றாலே போதும். "புஷ்பலீலாக்க மவ வந்திருக்கா" என்று அவர்களே வாங்கிக்கொள்வார்கள்.

இங்கே மூன்று வீடு. மூன்று கதவு. வாயைத் திறந்தாக வேண்டும்.



டிசம்பர் 3, புதன்

தேங்காய் எண்ணெய் வாங்கப் போனேன். கடைக்காரர், "தலைக்குங்களா?" என்று கேட்டார். சமையலுக்கு என்று சொன்னால் ஏன், எதற்கு, எந்த ஊர் என்று நீளும். தலையாட்டினேன்.

அம்மா பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். மல்லிகைப்பூ வாசனை.

"இதுல பொரிச்சா முந்திரிக்கொத்துக்குச் சட போட்டுதான் அனுப்பணும்" என்றாள்.

பாட்டில் முழுவதையும் இனி நான்தான் தேய்த்துக்கொள்ள வேண்டுமாம்.

டிசம்பர் 6, சனி

இன்று யாரிடமும் பேசவில்லை. நல்ல நாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

தப்பு. நேற்று மொக்கத்தாயி அக்கா என்னிடம் பேசினார். அவர் பேசுவதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை, ஏனென்றால் அவர் பதிலை எதிர்பார்ப்பதில்லை. உசிலம்பட்டிக்காரர். எங்கள் காம்பவுண்டில் நடுவீட்டில் தனியாக இருக்கிறார். விடியும்முன்னே கம்பெனிக்குப் போய்விடுவார்.

"என்ன பாப்பா, சாப்ட்டியா? சாப்ட்டிருப்ப. மூஞ்சி ஏன் வாடிக்கெடக்கு? தூக்கம் பத்தலயா? எனக்குந்தேன்" என்று சொல்லிக்கொண்டே என் குடத்தைத் தூக்கித் தொட்டிமேல் வைத்துவிட்டுப் போனார். கேள்வியும் அவரே, பதிலும் அவரே. இந்த ஊரில் எனக்குப் பிடித்த ஒரே ஆள்.

வீட்டுக்காரம்மா தெய்வாத்தாளுக்கும் அவருக்கும் இன்று மோட்டார் பற்றிச் சண்டை. தெய்வாத்தாளை எல்லாரும் ஆத்தா என்பார்கள். முன்வீட்டில் இருக்கிறார். மோட்டார் சுவிட்சும் அங்கேதான் இருக்கிறது.

"நெனச்சப்ப போடறதுக்கு இதென்ன உங்கப்பனூட்டு மோட்டாரா?"

"ஒங்க மோட்டாரு ஒரு நாளைக்குப் பொகஞ்சுதேன் போகப்போகுது, பாத்துக்கிருங்க!"

அம்மா உள்ளே கதவிடுக்கில் நின்று கேட்டாள். அவளும் இங்கே யாரிடமும் பேசியதில்லை. ஆனால் என்னைத்தான் வெட்கப்படுகிறவள் என்று சொல்வாள்.

டிசம்பர் 10, புதன்

வறுத்த பயற்றை மாவு மில்லுக்குக் கொண்டுபோனேன். மில்காரர் ஏதோ கேட்டார். சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. "...பின்னால போட்டா பரவால்லீங்களா அம்மணி?"

தலையாட்டினேன்.

டிசம்பர் 11, வியாழன்

மிளகாய்க்குப் பின்னால் போட்டிருக்கிறார்.

எங்கள் ஊர் மில்லில் டிசம்பர் மாதம் முழுக்க ஒரு மெஷினைப் பயற்றுக்கென்றே ஒதுக்கி வைப்பார்கள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. இங்கே சொல்ல வேண்டும் என்பது பொரித்த பிறகுதான் தெரிந்தது. மாவு கொஞ்சம் சிவப்பாக இருந்ததற்கு, "இங்க உள்ள பயறு இப்பிடித்தான் போல" என்று அம்மா சமாதானம் சொல்லிக்கொண்டாள். முதல் ஈடு பொரிந்ததும் பாகு பதம் பார்க்க நுனிநாக்கில் ஒரு துணுக்கு வைத்தாள். பதம் பார்ப்பதற்குச் சட்டத்தில் இடம் உண்டு.

 சொம்புத் தண்ணீரை அப்படியே அண்ணாந்து குடித்தாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். காரத்தால் அழுகிறாளா, வருத்தத்தால் அழுகிறாளா என்று தெரியவில்லை. அப்பாவும் குழம்பிப் போய் ஒரு கையில் சீனியும் ஒரு கையில் துண்டுமாக நின்றார்.

"வாய தொறந்து ஒரு வார்த்த சொல்லப்பிடாதா பிள்ளே? வத்தலுக்குப் பொறவு போடாதீங்கன்னு? நீ தலைய ஆட்டுனா எனக்க வாயாக்கும் எரியுது!"

அந்த ஈட்டை எறிய அவளுக்கு மனம் வரவில்லை. நீல மூடி டப்பாவில் போட்டு மேலே வைத்துவிட்டாள்.

டிசம்பர் 13, சனி

புதிய பயறு. இந்த முறை அப்பாவே மில்லுக்குப் போனார். மெஷினை மூன்று முறை துடைக்கச் சொல்லி, நடுவில் பச்சரிசி போட்டு ஓட்டச் சொல்லி, கடைசியில் மில்காரரோடு சிநேகிதமாகிவிட்டார். வரும்போது, தைத்துத் தருவதாகச் சொல்லி அவருடைய சட்டைத் துணியையும் அளவையும் வாங்கி வந்தார். அப்பாவுக்குப் பேச்சு எங்கிருந்துதான் வருகிறதோ. எனக்கு வர வேண்டியதும் சேர்த்து அவருக்கே போய்விட்டது.

டிசம்பர் 18, வியாழன்

பொரித்தோம். ஊரில் அம்மாவோடு உருட்டக் கொத்தாகப் பெண்கள் வருவார்கள். இங்கே நானும் அவளும்தான். என் முதல் கொத்தில் இரண்டுதான் ஒட்டின, மூன்றாவது கோபித்துக்கொண்டு சட்டியின் அந்தப்பக்கம் போய்விட்டது. அடுத்ததில் ஐந்து ஒட்டிக்கொண்டன. "இது கொத்தில்ல, குடும்பம்" என்றாள் அம்மா. போகப்போகக் கை பழகிவிட்டது.

தேங்காய் எண்ணெய் காய்ந்த வாசம் காம்பவுண்டு முழுக்கப் பரவியிருக்க வேண்டும். வெளியே ஆத்தாவின் குரல் கேட்டது: "ஆரு தலமசுரோ பொசுங்குதாட்ட இருக்குது, பாருங்களே!"

அம்மா அடுப்பைச் சிம்மில் வைத்து மூச்சுகூட விடாமல் நின்றாள். நானும்.

நல்ல ஈடு எல்லாம் சிவப்பு மூடி டப்பாவில். அப்பா வேலை விட்டு வந்து அந்த டப்பாவையே சுற்றிச் சுற்றி வருகிறார். தட்டு போகாமல் கிடையாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

டிசம்பர் 19, வெள்ளி

"நாளைக்கு விடிஞ்ச ஒடனே குடுத்திரு மக்கா. சனியும் ஞாயிறும் எல்லாரும் இருப்பாவ. தட்டு திரும்பி வரும்போ நமக்கும் நாலு ஆளு ஆவும்" என்றாள் அம்மா. அவள் முகத்தைப் பார்த்தால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. மூன்று எவர்சில்வர் தட்டைப் புளிபோட்டுத் தேய்த்து வைத்திருக்கிறாள். ஆறு மாதமாக இந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்திருக்கிறாள் போல.

கண்ணாடி முன்னால் பழகிப் பார்த்தேன். "நாங்கள் பின்வீட்டில் இருக்கிறோம். இது கிறிஸ்துமஸ் பலகாரம்." கண்ணாடிக்கே சரியாகக் கேட்கவில்லை.

எனக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. தட்டு போக வேண்டும் என்பதுதான் சட்டம். கதவைத் தட்ட வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

டிசம்பர் 20, சனி

எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது.

தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் இருட்டோடு கிளம்பினேன். எவர்சில்வர் தட்டில் வைத்தால் அதைத் திருப்பிக் கொடுக்க யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள், என்னிடம் பேசுவார்கள். அதனால் பலகாரத்தை வாழையிலைத் துண்டுகளுக்கு மாற்றிவிட்டுத் தட்டுகளைக் கட்டிலுக்கடியில் பெட்டிக்குப் பின்னால் தள்ளினேன். ஒவ்வோர் இலையிலும் மூன்று கொத்து. வெறுமனே வைத்தால் அழகாக இல்லை. கிறிஸ்துமஸ் அல்லவா, சிவப்பாக ஏதாவது இருக்கட்டும் என்று ஒவ்வொன்றின் மேலும் ஒரு செம்பருத்திப் பூ வைத்தேன்.

மார்கழி என்பதால் ஆத்தா முதல்நாள் சாயங்காலமே பெரிய கோலம் போட்டு வைத்திருந்தார். அதன் நட்டநடுவில் ஒரு வட்டம் வெறுமையாக இருந்தது. இலையை அங்கே வைத்தேன். மிகப் பொருத்தமாக இருந்தது. அடுத்ததை மொக்கத்தாயி அக்கா வாசல்படியிலும், கடைசியை ஒடிசா அண்ணன்மார் மூன்று பேர் இருக்கும் ரூம் வாசலிலும் வைத்துவிட்டுத் தொட்டிக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டேன்.

மொக்கத்தாயி அக்கா முதலில் வெளியே வந்தார். இலையைப் பார்த்தார். "எந்த வேலையத்தவ வச்சது?" என்று சிரித்தார். காலால் சாக்கடையில் தள்ளிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆத்தா கதவைத் திறந்து வைத்த அலறலில்தான் புரிந்தது.

"அய்யோ, எங்கூட்டு வாசல்ல எவளோ செய்வினை வெச்சுப்போட்டாளே! நேத்து அமாவாச! மஞ்சத் தடவுன உருண்ட, மூணு மூணு, மேல ரத்தமாட்ட பூவு!"

தொட்டிக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அவர் சொன்ன பிறகு பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

ஒடிசா அண்ணன்மார் வாசலுக்கு ஓடினார் ஆத்தா. அங்கே இலை மட்டும் இருந்தது. மூன்று பேரும் விரலை நக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, "அம்மா, நல்லாருக்கு! இன்னும்?" என்றார். ஆத்தா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மதியம்வரை அவர்கள் வாசலிலேயே நாற்காலி போட்டு, அவர்கள் எப்போது விழுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் துணி துவைத்தார்கள், கேரம் ஆடினார்கள், ஆத்தாவுக்கும் டீ போட்டுக் கொடுத்தார்கள். அவர் குடிக்கவில்லை.

சாயங்காலம் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது.

அம்மா கேட்டாள், "என்ன பிள்ளே சத்தம்?"

"யாரோ செய்வினை வச்சுட்டாவளாம்."

"கர்த்தரே! அது கெடக்கட்டு, நமக்க பலகாரத்த வாங்குனாவளா?"

தலையாட்டினேன்.

அப்பா முந்திரிக்கொத்துக்குக் கையை நீட்டினார். அம்மா அந்தக் கையில் ஒன்று போட்டாள், பலகாரம் இல்லை, அடி. "ஒரு தட்டாவது திரும்பி வரட்டு. அப்பதான் போயிச் சேந்துதுன்னு அர்த்தம்."

டிசம்பர் 21, ஞாயிறு

கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். பிரசங்கத்தில் ஒன்றும் மனதில் ஏறவில்லை.

ஆத்தா தொட்டியடியில் என்னைப் பிடித்துக்கொண்டார். என் கையைப் பிடித்தபடியே பேசினார்.

"கண்ணு, உங்கூட்டு வாசல்ல மட்டும் வெக்கல பாத்தியா? கதவுல சிலுவ இருக்குதுல்ல, அண்டாது. உங்க கோயல்ல எனக்கும் ஒண்ணு வாங்கியாந்து குடு."

தலையாட்டினேன்.

"நீ நேரமே தண்ணிக்கு எந்திரிக்கறவ. நேத்து அந்த மொக்கத்தாயி இருட்டோட வெளிய வந்தாளா?"

வந்தார். அது உண்மைதான். தலை தானாக ஆடிவிட்டது.

"நெனச்சேன்! எல்லாரும் பதறுறோம், அவ மட்டும் கால்ல எத்திப்போட்டேன்னு சொல்லிச் சிரிக்கறா. மோட்டாரு பொகையும்னு வாயிலயே சொன்னா, பொகஞ்சுருச்சு. வெச்சது அவதான்!"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் போய்விட்டார். வேகமாகப் போகவில்லை, முழங்கால் வலிக்காரர், மெதுவாகத்தான் போனார். நான் கூப்பிட்டிருக்கலாம்.

டிசம்பர் 22, திங்கள்

மொக்கத்தாயி அக்காவை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமைக்குள்.

டிசம்பர் 23, செவ்வாய்

ஒடிசா அண்ணன்மார் இன்னும் உயிரோடு இருப்பதற்கு ஆத்தா காரணம் கண்டுபிடித்துவிட்டார். "அவுங்க பாசை வேற. நம்மூரு மந்திரம் அவுங்களுக்கு ஏறாது."

அம்மா வாசலைப் பார்த்தபடியே வெங்காயம் உரிக்கிறாள். காலடிச் சத்தம் கேட்டால் முந்தானையைச் சரிசெய்கிறாள். ஒரு தட்டும் வரவில்லை. "பிடிக்கல்லையோ? ஏலக்கா கூடிப்போச்சோ? இல்ல, நாம யாருன்னே தெரியாதவிய வீட்டுப் பண்டத்த ஏன் தின்னணும்னு வச்சிட்டாவளோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "அடுத்த வருசம் வேண்டாம். இந்த ஊருக்கு இது ஒத்துவராது" என்றாள். அவள் உட்கார்ந்திருந்த கட்டிலுக்கு அடியிலேயே மூன்று தட்டும் இருந்தன.

மொக்கத்தாயி அக்கா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன பாப்பா, சாப்ட்டியா?" என்றார். அவ்வளவுதான். பதிலை அவர் சொல்லவில்லை. முதல்முறையாக என் பதிலுக்காகக் காத்திருந்தார். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த டைரியின் முதல் பக்கத்தில் பள்ளிக்கூடத்தைத் தண்ணீருக்காக நிறுத்தியதாக எழுதியிருக்கிறேன். தண்ணீர் பிடித்து முடித்த பிறகும் பள்ளிக்கூடத்துக்கு நேரம் இருக்கும். இங்கே ஒரே ஒரு நாள் போனேன். எழுந்து பெயரும் ஊரும் சொல்லச் சொன்னார்கள். "நான் திங்கள்சந்தையாக்கும்" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அன்று சாயங்காலம்வரை என் முதுகுக்குப் பின்னால் "ஆக்கும்" "ஆக்கும்" என்று ஒரே சத்தம். மறுநாள் தண்ணீர் பிடிக்க ஆள் தேவைப்பட்டது.

டிசம்பர் 24, புதன்

 நாக்கு இன்னும் எரிகிறது.

காலையில் முற்றத்தில் ஆத்தா, எலுமிச்சம்பழத்தோடு மந்திரிக்கிறவர் ஒருவர், ஒடிசா அண்ணன்மார் எல்லாரும் நின்றிருந்தார்கள். வாசலில் சரக்கு ஆட்டோ. மொக்கத்தாயி அக்கா கேஸ் அடுப்பைத் தூக்கி வைத்துக்கொண்டே, "நாந்தேன் வச்சேன்னு எவ கண்டது? நெஞ்சுல கைய வச்சுச் சொல்லச் சொல்லுங்க பாப்போம்!" என்று கத்தினார்.

"அந்தப் புள்ளையே பாத்துச்சு, கேட்டுக்கோ!" என்று ஆத்தா என்னைக் காட்டினார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மொக்கத்தாயி அக்காவும் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை.

வாய் வரவில்லை. ஆனால் கால் வந்தது. வீட்டுக்குள் ஓடி டப்பாவைத் திறந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். பேச வேண்டாம், எல்லார் முன்னாலும் தின்று காட்டினால் போதும், புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். தூக்கிக் காட்டினேன். ஆத்தா ஒரு அடி பின்னால் போனார். முழுசாக ஒரு கடி கடித்தேன்.

அவசரத்தில் எடுத்தது நீல மூடி டப்பா.

முதலில் காது அடைத்தது. பிறகு கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். நாக்கை வெளியே தள்ளி மூச்சு வாங்கினேன். ஒரே இடத்தில் நிற்க முடியாமல் குதித்தேன்.

"ஏறிருச்சு! ஏறிருச்சு! புள்ளைக்கு ஏறிருச்சு!" என்று ஆத்தா அலறினார். மந்திரிக்கிறவர் ஒரு பிடி திருநீற்றை என் முகத்தில் வீசினார். அது மூக்கில் போய் நான்கு தும்மல் வந்தது. ஒவ்வொரு தும்மலுக்கும் அவர், "போறியா? போறியா?" என்று கேட்டார். ஒடிசா அண்ணன் ஒருவர் சொம்பு நிறையத் தண்ணீரோடு ஓடி வந்தார். மந்திரிக்கிறவர் அதைத் தட்டிவிட்டார். அந்தத் தண்ணீர் கீழே கொட்டியதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது.

"வத்தலு!" என்று கத்தினேன். "மில்லுல வத்தலுக்குப் பொறவு அரைச்சது! தண்ணி தாங்க! செய்வினையுமில்ல ஒண்ணுமில்ல, முந்திரிக்கொத்து! கிறிஸ்துமஸ் பலகாரம்! அக்கா வைக்கல்ல! வச்சது நானாக்கும்! பூ வச்சதும் நானாக்கும்! கதவ தட்டப் பயந்துட்டு வச்சிட்டு ஓடுனதும் நானாக்கும்!"

 எத்தனை 'ஆக்கும்' சொன்னேன் என்று எனக்கே தெரியாது. யாரும் சிரிக்கவில்லை.

பிறகு மொக்கத்தாயி அக்கா சிரித்தார். கேஸ் அடுப்பை ஆட்டோவிலேயே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தார். "அடியே, இம்புட்டுச் சத்தத்தையும் எங்கடி வச்சிருந்த?" என்றார். ஒடிசா அண்ணன்மாருக்கு என்ன புரிந்ததோ, அவர்களும் சிரித்தார்கள்.

"ஏங்கண்ணு, ஒரு வார்த்த சொல்லிப்போட்டு வெக்கறதுக்கென்ன?" என்றார் ஆத்தா. திட்டுவது போலத்தான் தொடங்கினார். குரல் பாதியில் இறங்கிவிட்டது. மொக்கத்தாயி அக்கா பக்கம் திரும்பவே இல்லை, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மொக்கத்தாயி அக்கா சிரிப்பை நிறுத்தினார். சாமானை இறக்கச் சொல்லி ஆட்டோவை அனுப்பினார். ஆனால் மூட்டைகளைப் பிரிக்கவில்லை. மூடிய கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "அந்தம்மா வந்து ஏங்கிட்ட ஒத்த வார்த்த சொல்லணும். சொன்னாத்தேன் மூட்டைய அவுப்பேன். இல்லாட்டி நாளன்னைக்குத் திரும்ப வண்டி வரும்."

திரும்பினால் எங்கள் வாசலில் அம்மா நின்றிருந்தாள். எப்போதிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"அப்போ தட்டு?" என்றாள்.

கட்டிலுக்கடியைக் காட்டினேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து தட்டுகளை எடுத்தாள், தூசியைத் தட்டினாள், சிவப்பு மூடி டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றிலும் அடுக்கினாள். மூடியை இரண்டு முறை சரிபார்த்தாள். பிறகு, நான் இதை எதிர்பார்க்கவில்லை, சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு பேருமா போவம். எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள்.

மூன்று கதவையும் நான்தான் தட்டினேன். பேசியது அம்மா. மொக்கத்தாயி அக்கா வீட்டில் அவள் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் அக்கா நான்கு வாக்கியம் பேசிவிட்டார், அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆத்தா வீட்டில் கதவு கொஞ்சமாகத் திறந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்து தட்டை வாங்கிக்கொண்டது. மந்திரிக்கிறவர் கிளம்பும்போது தனக்கும் ஒரு பொட்டலம் கேட்டு வாங்கிக்கொண்டார், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களாம்.

டிசம்பர் 25, வியாழன்

விடியற்கால ஆராதனைக்குப் போய்த் திரும்பும்போது எங்கள் வாசலில் ஒரு தட்டு இருந்தது. ஒடிசா அண்ணன்மார் வைத்தது. நிறைய மிக்சர், மேலே ஒரு செம்பருத்திப் பூ. எங்கள் வழக்கம் இதுதான் என்று நினைத்துவிட்டார்கள் போல. அம்மா தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "வந்திட்டுது" என்றாள். அப்பா அந்த நொடியே டப்பாவைத் திறந்துவிட்டார். ஐந்து ஒட்டிய 'குடும்பத்தை' ஒரே வாயில் போட்டார்.

சற்று நேரத்தில் மொக்கத்தாயி அக்காவின் தட்டு வந்தது. அவர் ஊர் இனிப்பு, சீரணிமிட்டாய். கூடவே அவரும் வந்து, அம்மாவோடு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டுப் போனார். "இவள பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க மதினி. நேத்து போட்ட சத்தத்துக்கு டீச்சரே எந்திரிச்சு நிப்பாக" என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டேன் என்று சொல்லவில்லை. அவர் வீட்டில் மூட்டைகள் இன்னும் கட்டியபடியே இருந்தன.

பொழுது சாயும் நேரம் தண்ணீர்த் தொட்டி பக்கம் போனேன். "கண்ணு" என்று மெல்லிய குரல். ஆத்தா தொட்டிக்குப் பின்னால் நின்றிருந்தார். நான் ஒளிந்திருந்த அதே இடம். கையில் இரண்டு தட்டு. ஒன்று எங்களுடையது. இரண்டிலும் கச்சாயம், இந்த ஊர் வெல்லப் பலகாரம்.

"இது உங்கூட்டுக்கு" என்று முதல் தட்டைக் கொடுத்தார். இரண்டாவதைக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார். "இது... அவளுக்கு. மத்தியானமிருந்து சுட்டு வெச்சுட்டு அவ வாசல் வரைக்கும் போறேன், திரும்பி வந்தர்றேன். என்னன்னு சொல்றது? வாயே வரமாட்டேங்குது கண்ணு." சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார். "நாளைக்கு நேரமே, ஆரும் எந்திரிக்கறக்கு முன்னால, அவ வாசப்படில வெச்சுப்போட்டு வந்தர்றியா? உனக்குத்தான் பழக்கம்."

என் தலை கீழே இறங்கத் தொடங்கியது. பாதியில் நிறுத்தினேன். பக்கவாட்டில் ஆட்டினேன். இந்த ஊருக்கு வந்து முதல்முறை.

"வாங்க ஆத்தா" என்றேன்.

அவர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனேன். ஒரு கையில் எங்கள் தட்டு, இன்னொரு கையில் ஆத்தா, எனவே மொக்கத்தாயி அக்காவின் கதவை முழங்கையால்தான் தட்ட வேண்டியிருந்தது. உள்ளே காலடிச் சத்தம் கேட்டதும் ஆத்தா சட்டென்று என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார்.

கதவு திறந்தது. மொக்கத்தாயி அக்கா என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் தெரிந்த தட்டின் விளிம்பையும் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அவருக்குப் பேசாமல் இருக்கவும் தெரிந்திருக்கிறது.

"நீயே எதாச்சும் சொல்லு கண்ணு" என்று ஆத்தா பின்னாலிருந்து என் முதுகில் குத்தினார்.

சொல்ல வாயில் நிறைய வார்த்தை இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு அடி நகர்ந்து நின்றேன்.